மூடி இல்லாத தொட்டியைக் கழுவி என்ன பயன்?

வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ ஆள் வைத்துத் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற வீடுகள் எனக்குத் தெரிந்தே நிறைய உண்டு. அந்த வீடுகளின் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தொட்டியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் மூடியே இருக்காது, ஒரு பழைய பிளைவுட் பலகையும் அது பறந்துவிடாமல் இருக்க ஒரு செங்கல்லும் இருக்கும். ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயில் வலை கிடையாது. கழுவுவதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள், ஆனால் சில நூறு ரூபாயில் முடிகிற மூடியையும் வலையையும் யாரும் நினைப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில், ஆறு வீடுகள் கொண்ட ஒரு பழைய அடுக்ககம். மாடியில் கட்டும்போதே கட்டிய ஒரு கான்கிரீட் தொட்டி, பிறகு வாங்கி வைத்த இரண்டு கறுப்பு சின்டெக்ஸ். அசோசியேஷன் வேலை என் தலையில் விழுந்ததிலிருந்து இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வது நான்தான். எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. போர் தண்ணீர் ஓடும், கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவோம். எல்லாம் கீழே சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டியில் கலந்து, மோட்டார் வழியாக மேலே ஏறும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு போனபோது லாரி எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருகிறது என்று கேட்கிற நிலையிலேயே யாரும் இல்லை, வந்தால் போதும் என்று இருந்தோம். அந்த வருடம் தொட்டியின் அடியில் தேங்கியது வெறும் சேறு, கையால் அள்ளுகிற அளவுக்கு.

போர் தண்ணீரில் வேறு ஒரு விஷயம் உண்டு. பூமிக்குள் காற்றுப் படாத இடத்தில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், பிடிக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் வரும். தொட்டியில் விழுந்து காற்றுப் பட்டதும் அந்த இரும்பு துருவாக மாறிப் பழுப்பு நிறத்தில் அடியில் படியும். அதனால்தான் "நேத்துதானே தண்ணி தெளிவா இருந்துச்சு" என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். அந்தப் படிவு இருக்கிற இடத்தில் தண்ணீரில் போட்ட குளோரின் சீக்கிரம் செலவாகிப் போகும், கிருமிகள் ஒட்டி வாழவும் அது வசதியான இடம். ஆக, அடியைக் கழுவ வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு. ஆளைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் மேலே இருந்து வருகிறது.

ஒரு மழைக்காலத்தில் கீழ் வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் வந்து டெங்கு என்று உறுதியானது. மறுநாளே மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் தெருவில் வீடு வீடாக வந்தார். எங்கள் மாடிக்கும் ஏறினார். தொட்டி இரண்டு வாரம் முன்புதான் கழுவியது, ரசீது கூட இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். உடனே என்னையும் பார்க்கச் சொன்னார். தண்ணீரின் மேல்மட்டத்தில் சின்னச் சின்னப் புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. "அக்கா, கழுவுனது நெசந்தான், தொட்டி சுத்தமாத்தான் இருக்கு. இது சுத்தமான தண்ணியிலதான் வரும். வழி எங்கன்னு பாருங்க" என்று ஓவர்ஃப்ளோ பைப்பைக் காட்டினார். ஒரு அங்குலப் பைப், வலை இல்லை. அவ்வளவுதான்.

அந்த மனிதர் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்ததை அதற்குப் பிறகு நிறையப் படித்தும் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டையைத் தண்ணீரின்மேல் மிதக்க விடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் இறங்கிச் சுவர் காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் அப்படியே உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இதைத் தெரிந்துகொண்டால் தொட்டி கழுவுகிற முறையே மாறிப்போகும். தண்ணீரை வடித்துவிட்டு அடியை மட்டும் பெருக்கித் தள்ளினால் சுவரில் இருக்கிற முட்டை சுவரிலேயே இருக்கும், புதுத் தண்ணீர் நிரப்பியதும் பொரியும். கழுவி இரண்டு வாரம் ஆன எங்கள் தொட்டியில் நடந்தது இதுவாகவும் இருக்கலாம், பைப் வழியாகப் புதிதாக உள்ளே போன கொசுவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சுவரைத் தேய், வாயை அடை.

டெங்கு மட்டுமில்லை. சென்னை நகரத்து மலேரியாவுக்குக் காரணமான அனோபிலஸ் ஸ்டெபன்சி என்ற கொசு மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகுகிற வகை. கிராமத்து வயல்களிலும் சதுப்புகளிலும் பெருகும் மற்ற மலேரியா கொசுக்களைப் போல இல்லாமல், இது நகரத்தில் நாம் சேர்த்து வைக்கிற தண்ணீரிலேயே பிழைத்துக்கொள்ளும். 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இதே கொசு கண்டுபிடிக்கப்பட்டது, அங்கிருந்து எத்தியோப்பியா போன்ற நாடுகளிலும் பரவியதில் உலகச் சுகாதார நிறுவனமே கவலைப்படுகிறது. நம் மாடியில் பல தலைமுறையாக இருக்கிற கொசுவுக்கு நாம் இன்னும் ஒழுங்காக ஒரு மூடி போடவில்லை. மூடியைத் திறந்து பார்க்கும்போது புழு இருந்தால் எந்த வகை என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். தண்ணீரின் மேற்பரப்போடு படுத்த மாதிரி கிடந்தால் அனோபிலஸ், தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸோ க்யூலெக்ஸ் என்ற இன்னொரு வகைக் கொசுவோ. எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, மூடிக்கு வருகிறேன்.

பிளாஸ்டிக் தொட்டியோடு வருகிற மூடி நல்ல மூடிதான், வெயில்தான் அதைக் கெடுக்கிறது. சில வருடங்களில் விளிம்பு நொறுங்கத் தொடங்கும், திருகு பிடிக்காது. இன்னொரு எதிரி மனிதர்கள். பிளம்பர் வருவார், ஃப்ளோட் வால்வு பார்ப்பார், மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டுப் போவார். டிஷ் கேபிள் இழுக்க வருகிறவர் அதன்மேல் ஏறி நிற்பார். அதனால் யார் மாடிக்குப் போய்விட்டு வந்தாலும் பின்னாலேயே ஒருவர் ஏறி மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் கட்டடத்தில் பழக்கமாக்கியிருக்கிறோம். உடைந்த மூடிக்கு மாற்று மூடி ஹார்டுவேர் கடையில் தனியாகவே கிடைக்கும், தொட்டிவாயின் குறுக்களவை மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு போங்கள். கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட அளவைச் சொல்லிக் கேட்பது நல்லது, ஏனென்றால் ஒரே கம்பெனியிலேயே வாய் அளவு மாறும்.

கான்கிரீட் தொட்டிதான் உண்மையான தலைவலி. எங்களுடையதில் ஆள் இறங்குகிற வாய் மேல்தளத்தோடு சமமாக இருந்தது, அதன்மேல் ஒரு சிமென்ட் பலகை. மழை பெய்தால் தொட்டியின் மேலே கிடக்கிற புறா எச்சம், தூசி எல்லாம் கரைந்து பலகையின் இடுக்கு வழியாக நேரே உள்ளே போகும். புறா எச்சத்தில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், அந்தத் தண்ணீரில்தான் நாம் பல் விளக்குகிறோம், பாத்திரம் கழுவுகிறோம். கொத்தனாரை வைத்து வாயைச் சுற்றி 4 அங்குல உயரத்துக்குக் கரை கட்டினோம். கரையின் வெளிப்பக்கமும் இறங்கி நிற்கிற மாதிரி விளிம்பு மடிந்த ஃபைபர் மூடி போட்டோம், அதில் பூட்டு மாட்டுகிற கொண்டியும் உண்டு. கொண்டி கட்டாயம் வேண்டும். மாடியில் குழந்தைகள் பட்டம் விடுகிற வீடு எங்களுடையது, இறங்குகிற வாய் திறந்து கிடந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அம்மா வீடு திருவண்ணாமலையில், கிரிவலப் பாதைக்குப் பக்கம். அங்கே பூட்டு குரங்குக்காக. கோடையில் குரங்குகள் மூடியைத் திருகித் திறந்து உள்ளே இறங்கிக் குளித்துவிட்டுப் போகும், சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அம்மா முதலில் மூடியின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். அதையும் தள்ளிவிட்டன. இப்போது மூடியின் இரண்டு பக்கமும் கம்பி வளையம் போட்டு, கழுத்தோடு சேர்த்துச் சங்கிலி பூட்டியிருக்கிறது.

அப்புறம் வலை. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஓவர்ஃப்ளோ பைப்பும் காற்றுப் பைப்பும் திறந்திருந்தால் கொசுவுக்கு அது வாசல்தான். ஜன்னலுக்குப் போடுகிற நைலான் வலையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ஒரு வெயில் காலத்தில் பொடியாகிவிடும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் வலை, கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாதது, ஒரு சாண் துண்டு வாங்கினால் இரண்டு மூன்று பைப்புக்கு வரும். பைப் வாயில் மடித்துப் போட்டு கேஸ் டியூபுக்குப் போடுகிற கிளிப்பால் இறுக்குங்கள். பைப் வாய் மேலே பார்த்து இருந்தால் ஒரு எல்போ போட்டுக் கீழே பார்க்கத் திருப்பிவிடுங்கள், மழையும் இலையும் விழாது. வலையில் பாசியும் தூசியும் அடைக்கும், அதனால் மாதம் ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

கொசு வருகிறது என்று பயந்து காற்றுப் பைப்பை அடைத்தே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் இறங்கும்போது அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். போக வழியில்லையென்றால் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும், மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி பக்கவாட்டில் உள்ளிழுத்து நசுங்கவும் செய்யும். வலை போட்டுத் திறந்து வைப்பதுதான் வழி.

மூடலில் வெளிச்சமும் சேர்த்தி. பாசி வளர வெளிச்சம் வேண்டும். மலிவான வெள்ளைத் தொட்டிகள் சிலவற்றை உள்ளே எட்டிப் பார்த்தால் பகல் வெளிச்சம் மங்கலாகத் தெரியும், அதில் பச்சை படிவதைத் தடுக்கவே முடியாது, எத்தனை முறை கழுவினாலும். உள்ளடுக்கு கறுப்பாக இருக்கிற தொட்டி வாங்குவதற்கு அதுதான் காரணம். வாங்கும்போது ஐ.எஸ். 12701 என்ற முத்திரையைப் பாருங்கள், சுழல் வார்ப்பு பாலிஎத்திலீன் தொட்டிகளுக்கான இந்தியத் தர எண் அது.

கழுவுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு கொடுத்து ஆள் வைத்தாலும் கூட நின்று பார்க்கிறவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். முந்தின நாளே மோட்டார் போடாமல் தண்ணீரைச் செலவு செய்து இறக்கிவிடுங்கள். அரை அடி மிச்சம் இருக்கும்போது வீட்டுக்குப் போகிற கேட் வால்வை முதலில் மூடுங்கள். இதை மறந்து தேய்க்கத் தொடங்கினால் கலங்கிய சேறு முழுக்கப் பைப்புக்குள் இறங்கி ஷவர், குழாய், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அடைக்கும். பிறகு அடியில் இருக்கிற வாஷ் அவுட்டை, அதாவது அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுகிற பைப்பைத் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் பிரஷ்ஷாலோ தேங்காய் நாராலோ மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். நீர்மட்டம் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு கோடு தெரியும் பாருங்கள், அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் அகலத்துக்கு அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள், முட்டை இருப்பது அங்கேதான். மூடியின் உட்புறத்தையும் சேர்த்து. பிளாஸ்டிக் தொட்டிக்குக் கம்பி பிரஷ் வேண்டாம், கீறல் விழுந்தால் அடுத்த பாசி அந்தக் கீறலில்தான் பிடிக்கும். சோப்புத் தூளும் வேண்டாம். கடைசிச் சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். வாஷ் அவுட் இல்லாத தொட்டியா? அடுத்த முறை பிளம்பர் வரும்போது போடச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகிற பைப்பு தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் மேலேயும் வாஷ் அவுட் தரையோடும் இருக்க வேண்டும்.

தேய்த்து அலசிய பிறகு பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்பது தொட்டியைக் கிருமி நீக்க எடுத்துக்கொள்கிற அளவு. ஆயிரம் லிட்டருக்கு 50 கிராம் குளோரின் ஆகிறது. நல்ல பவுடரில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் குளோரின், ஆக 150 முதல் 200 கிராம் பவுடர். பழைய பாக்கெட்டில் காரம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட்டு, தொட்டியை நிரப்ப வேண்டும். பிறகு எல்லா வீட்டுக் குழாயையும் குளோரின் வாடை வருகிறவரை திறந்து மூடினால் பைப்பும் சுத்தமாகும். அதற்கு முன்னால் ஆர்.ஓ. மெஷினுக்குப் போகிற லைனை அடைத்துவிடுங்கள், குளோரின் அதன் சவ்வைக் கெடுக்கும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றலாம். எல்லா வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்று. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, ஃபோனும் பண்ணிவிடுவேன், மேல் வீட்டுப் பாட்டி வாட்ஸப் பார்க்க மாட்டார்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டைக் கொண்டுவந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் குனிந்து நிற்கிற ஆளின் நுரையீரலுக்குள் அது போகிறது. இரும்புக் கறை தொட்டியில் இருந்துவிட்டுப் போகட்டும், கறையால் யாரும் சாகவில்லை.

கீழே சம்ப் வைத்திருப்பவர்கள் அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் பக்கத்தில் தெருத் தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து சம்ப்புக்குள் இறங்கியது. வெள்ளம் வடிந்த கையோடு மோட்டாரைப் போட்டவர்கள் அதை அப்படியே மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். சம்ப்புக்குள் ஆள் இறங்குவது மாடித் தொட்டியைவிட ஆபத்தானது. நீண்ட நாள் மூடிக் கிடந்த சம்ப்பில் மூச்சுக்கான காற்றே குறைந்திருக்கும், புதிதாகக் கட்டிச் சென்டரிங் பலகை பிரிக்காத தொட்டியில் இன்னும் மோசம். ஒருவர் மயங்கியதும் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் சேர்ந்து போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மூடியைப் பல மணி நேரம் முன்னாலேயே திறந்து வைத்து, ஃபேன் வைத்துக் காற்று ஓட்டி, இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். டீசல், பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கவே கூடாது. கூலியில் பேரம் பேசி ஒரே ஆளை அனுப்பாதீர்கள்.

எப்போது கழுவலாம் என்று கேட்டால், நான் சொல்வது செப்டம்பர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை டெங்கு காலம்தான். புயல் காலமும் அதே சமயம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் எத்தனையோ மூடிகள் பறந்தன, காலியாக நின்ற ஒரு தொட்டி உருண்டு பக்கத்து மாடியில் போய் விழுந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிரப்பி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை, எந்தக் காற்றும் அசைக்காது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் எங்கள் மாடியில் கொசு குறையவில்லை. காரணம் பக்கத்து வீடு. வீட்டுக்காரர் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது, மாடித் தொட்டி அரைகுறைத் தண்ணீரோடு மூடியில்லாமல் எங்கள் பார்வையிலேயே கிடந்தது. ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் பறக்காது, சில நூறு அடிக்குள் இருக்கிற வீடுகள்தான் அதற்கு ஊர். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு பெருகுகிற இடத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பு என்று இருக்கிறது, ஆனால் ஆள் இல்லாத வீட்டில் யாரைக் கேட்பது? மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்கு ஃபோன் செய்து புகார் எண் வாங்கினேன். பணியாளர்கள் எங்கள் மாடியிலிருந்து கைப்பிடிச் சுவர் தாண்டிப் போய் டெமிபாஸ் மருந்து விட்டார்கள், அபேட் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை விடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அனுமதித்த மருந்து, புழுவைக் கொல்லும், ஆனால் சில வாரங்களில் வீரியம் போய்விடும். அதனால் அந்த வீட்டுக்காரரின் தம்பியை வேளச்சேரியில் கண்டுபிடித்துப் பேசினோம். "அக்கா, நீங்களே ஆள விட்டுப் பண்ணிடுங்க, காச நான் அனுப்பிடறேன்" என்றார். தொட்டியை வடித்துக் காயவைத்து, கவிழ்க்க முடியாததால் வாயில் புது மூடி போட்டுக் கம்பியால் கட்டி, பைப்புகளுக்கு எங்கள் ஸ்டீல் வலையில் மிச்சம் இருந்த துண்டையே வைத்துக் கிளிப் மாட்டினோம். இப்போது தெருவில் இன்னும் இரண்டு பூட்டிய வீடுகளின் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.